ஷெரின் பந்தும் மட்டக்களப்பு மண்ணும்: எதை வாங்கலாம், எதை விடலாம்

முடிவை முதலே சொல்லிவிடலாம். மட்டக்களப்பிலோ கல்முனைப் பக்கமோ அவுஸ்திரேலிய உதைபந்தாட்டம் பழகுவதற்கு ஒரேயொரு பந்துதான் வாங்கலாம் என்றால் செயற்கைத் தோல் பந்து, 4ஆம் அளவு, மஞ்சள் நிறம். அந்த ஆட்டத்துக்கென்றே தைக்கிற ஷெரின் தோல் பந்தின் அழகுக்கும் கைப்பிடிக்கும் அது கிட்டவும் வராதுதான். ஆனால் தோல் பந்து புல்லுக்குப் பிறந்தது. நம்முடைய கிரவல் மைதானத்திலும் கடற்கரை உப்பிலும் அதை உருட்டுவது பட்டுச்சேலை கட்டிக்கொண்டு வயலுக்குள் இறங்குவது மாதிரி.

இந்தப் பந்தை முதன்முதலில் பார்க்கிறவர்கள் றக்பிப் பந்து என்றுதான் நினைப்பார்கள். றக்பி உலகச் சட்டப்படி 5ஆம் அளவுப் பந்தின் நெடுக்குச் சுற்றளவு 740 முதல் 770 மில்லிமீற்றர், இடுப்புச் சுற்றளவு 580 முதல் 620. அவுஸ்திரேலியப் பந்துக்கு நெடுக்குச் சுற்றளவு 720 முதல் 730, இடுப்பு 545 முதல் 555. ஆக ஃபூட்டி என்று செல்லமாகச் சொல்லுகிற அவுஸ்திரேலிய ஆட்டத்தின் பந்து ஒல்லி, இடுப்பு சிறுத்தது. றக்பிப் பந்தின் மேலே கைக்குப் பிடிப்பாகச் சின்னச் சின்னப் பொட்டுகள் இருக்கும், ஏனென்றால் அது எறிந்து பிடிக்கிற பந்து. ஃபூட்டியில் எறிவதே குற்றம். காலால் உதைக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒரு கையில் வைத்து மற்றக் கை முஷ்டியால் குத்த வேண்டும். அதற்கு இடுப்புச் சிறுத்த, மழமழப்பான பந்துதான் தோது.

ரி. டபிள்யூ. ஷெரின் மெல்பேர்ணின் கொலிங்வூட் பகுதியில் 1880 அளவில் பந்து தைக்கத் தொடங்கியவர். அதற்கு முன்னர் றக்பிப் பந்தை வைத்துத்தான் விளையாடினார்கள். முனையை மொண்ணையாக்கினால் துள்ளல் கொஞ்சமாவது சொன்னபடி கேட்கும் என்பது அவருடைய கணக்கு. இன்றைக்கு ஏஎஃப்எல் என்கிற அவுஸ்திரேலிய உதைபந்தாட்டத்தின் முதன்மை லீக் ஆட்டங்களில் உருளுவது அந்தப் பெயரில் வருகிற பந்துதான். பந்தில் 'கேபி' என்று இருப்பதை கங்காரு பிராண்ட் என்று விரிக்க வேண்டும். கங்காருத் தோல் என்று நம்மூரில் ஒரு கதை உலாவுகிறது. பெயரில்தான் கங்காரு, தைத்திருப்பது மாட்டுத்தோல். கிரிக்கெட் பந்தைத் தொடுகிற கைக்கு இதில் புதிதாக ஒரு தோஷமும் வராது.

தோல் பந்து நான்கு துண்டுத் தோலைச் சேர்த்துத் தைத்தது. ஒரு பக்கம் வாய்ப்பிளவும் அதை மூடுகிற லேஸும் இருக்கும். உள்ளே காற்றுப்பை. சிவப்புப் பந்து பகலாட்டத்துக்கு, மஞ்சள் பந்து விளக்கு வெளிச்சத்து இரவாட்டத்துக்கு. நம்மூருக்கு இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. கிரவல் மைதானத்தில் சிவப்புப் பந்து ஆறு மணிக்கு மேலே மண்ணோடு மண்ணாகக் காணாமல் போகும், அங்கே மஞ்சள்தான். கல்லடிக் கடற்கரை மணலில் மட்டும் விளையாடுகிறவர்கள் சிவப்பை எடுக்கலாம். வெள்ளை மணலில் மத்தியான வெயிலுக்கு மஞ்சள் கண்ணைக் கூசவைக்கும்.

புதுத் தோல் பந்து கையில் கிடைத்த அன்றைக்கே அதை உயரே உதைத்துப் பிடிக்கப் பார்ப்பது முதல் பிழை. புதுத் தோல் வழுக்கும், கல்லு மாதிரி இருக்கும், விரல் நுனி நோகும். இரண்டு பேர் பத்து மீற்றர் இடைவெளியில் நின்று கைக்குத்தாகவும் சின்ன உதையாகவும் இரண்டு மூன்று நாள் பரிமாறினால் தோல் இளகிவிடும். முதல் வாரத்தில் தோல் சற்று இழுபட்டுப் பந்து பருக்கும், அதனால் காற்றழுத்தம் தானாக இறங்கியிருக்கும். பந்து ஓட்டை என்று பயப்படாமல் திரும்ப அளந்து அடிக்க வேண்டும்.

காற்று விஷயத்தில்தான் கனபேர் பந்தைக் கெடுப்பது. சட்டம் சொல்வது 62 முதல் 76 கிலோபாஸ்கல். நம்முடைய பம் கணக்கில் 9 முதல் 11 பிஎஸ்ஐ. மோட்டார் சைக்கிள் கடைக் கம்பிரசரில் கொண்டுபோய்க் கொடுத்தால் ஒரு நொடியில் 20ஐத் தாண்டிவிடும், தையல் வாய் பிளந்துவிடும். அந்தக் கடை மானியும் இவ்வளவு தாழ்ந்த அழுத்தத்தைச் சரியாகக் காட்டாது. ஊசி பூட்டுகிற பந்து மானி ஒன்றும் சைக்கிள் பம்மும் போதும். மானி இல்லாவிட்டால் பந்தின் நடு இடுப்பை இரண்டு பெருவிரலாலும் அழுத்துங்கள். கொஞ்சம் பதிந்து உடனே மீள வேண்டும். பதியவே மறுத்தால் காற்று அதிகம், பதிந்து நின்றால் குறைவு.

நம்மூர் வெயிலுக்கு ஒரு கணக்கு சேர்த்துக்கொள்ளுங்கள். காலையில் 27 பாகையில் 9.5 பிஎஸ்ஐ அடித்த பந்து, மைதான ஓரத்தில் வெயிலில் கிடந்து உள்ளே இருக்கிற காற்று 47 பாகைக்கு ஏறினால் அழுத்தம் 11ஐத் தாண்டும். ஒரு பம்கூட அடிக்காமலே சட்ட எல்லைக்கு வெளியே போய்விடுகிறது. ஆகவே சித்திரை, வைகாசி வெயிலில் 9இல் நிறுத்துங்கள், ஆட்டம் இல்லாத நேரம் வேப்பமர நிழலில் போடுங்கள். சைக்கிள் கரியரில் கட்டி மத்தியானம் நிறுத்திவைத்த பந்து பின்னேரம் செங்கல் மாதிரி உதைபடுவதற்குக் காரணம் இதுதான்.

ஊசியைக் காய்ந்தபடி வால்வுக்குள் குத்தக்கூடாது. கிளிசரின் ஒரு சொட்டு நல்லது, அது இல்லாவிட்டால் சவர்க்கார நீர், அதுவும் இல்லாவிட்டால் எச்சில். நேராகக் குத்த வேண்டும். சரித்துக் குத்தினால் வால்வின் ரப்பர் உள்ளே கீறுபட்டு, பார்வைக்கு ஒன்றும் தெரியாமல் இரவோடு இரவாகக் காற்று இறங்கும். எங்கே ஒழுகுகிறது என்று பார்க்க செயற்கைப் பந்தை வாளித் தண்ணீரில் அமிழ்த்தலாம். தோல் பந்தை அமிழ்த்தக்கூடாது. வால்வின் வாயில் சவர்க்கார நுரையைத் தடவிக் குமிழி வருகிறதா என்று பாருங்கள். வால்வில் வராவிட்டால் காற்றுப்பையில்தான் ஓட்டை. லேஸைக் கழற்றி வாய்ப்பிளவு வழியாகப் பையை எடுப்பது கைப்பழக்கம் உள்ளவரின் வேலை. சைக்கிள் கடையில் கொடுத்து "ரியூப் மாதிரி ஒட்டித் தாங்க" என்றால் லேஸைக் கத்தியால் வெட்டிவிடுவார்கள், கவனம்.

தையல் அறுந்தால் சப்பாத்து தைக்கிறவரிடம் போகலாம். ஆனால் மூன்று விஷயத்தைச் சொல்லிக் கொடுக்க வேண்டும். பழைய துளைகளுக்குள்ளேயே ஊசி போக வேண்டும், புதுத் துளை போட்டால் அந்த வரிசையே கிழிந்துகொண்டு போகும். மெழுகு தேய்த்த நைலோன் நூல் வேண்டும், பருத்தி நூல் மாரி மழையில் உக்கிவிடும். காற்றை முழுக்க இறக்கிவிட்டுத்தான் தைக்க வேண்டும், காற்றோடு தைத்தால் ஊசி காற்றுப்பையைக் குத்தும்.

எண்ணெய் பற்றியும் சொல்ல வேண்டும். தோல் காய்கிறது என்று தேங்காய் எண்ணெய் பூசுவது நம்முடைய கைமருத்துவம். சப்பாத்துக்குச் சரிவந்தாலும் பந்துக்குச் சரிவராது. எண்ணெய் குடித்த தோல் கனக்கும், வழுக்கும், மணலை அப்பிக்கொள்ளும், மாரி ஈரத்துக்குப் பூஞ்சணம் பிடிக்கும். தோலுக்கென்றே விற்கிற பசையைத் துணியில் தொட்டு மிக மெல்லிசாகத் தடவி, ஒரு நாள் விட்டுத் துடைத்தால் போதும். பூஞ்சணம் ஏற்கெனவே பிடித்திருந்தால் வினாகிரியில் அரைவாசி தண்ணீர் கலந்து துணியில் நனைத்துத் துடைத்து நிழலில் காயவையுங்கள். வெயிலில் காயவைத்த ஈரத்தோல் விறைத்து வெடிக்கும். ஐப்பசி தொடக்கம் தை வரை தோல் பந்தைப் பொலித்தீன் பையில் கட்டிவைக்கவே கூடாது. பழைய தலையணை உறையில் போட்டுக் காற்றுப்படத் தொங்கவிடுங்கள்.

உப்புத் தண்ணீர் பட்டால் நேரம் கடத்தாமல் நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைக்க வேண்டும். வாவியில் விழுந்த பந்தும் அப்படித்தான், வாவித் தண்ணீரும் உப்புக் கலந்தது. தோல் காயும்போது உப்பு நூலுக்குள்ளே பளிங்கு கட்டி, அடுத்த முறை பந்து நெளியும்போது நூலை உள்ளிருந்தே அரிக்கும். வெளியே பந்து புதிதாகத் தெரியும், ஒரு நல்ல உதையில் நாலு விரல் நீளத்துக்குத் தையல் விட்டுவிடும்.

செயற்கைத் தோல் பந்துக்கு இந்தத் தொல்லை ஒன்றும் இல்லை, விலையும் தோல் பந்தைவிடப் பல மடங்கு குறைவு. ஆனால் செயற்கைப் பந்து எல்லாம் ஒன்றில்லை. கடையில் கையில் எடுத்துப் பார்க்கும்போது மூன்று இடத்தைப் பாருங்கள். முதலாவது முனை. நான்கு துண்டும் சேருகிற அந்தப் புள்ளியில் தையல் நெருக்கமாக, மேடு இல்லாமல் இருக்க வேண்டும். மலிவுப் பந்தில் அந்த இடம் முடிச்சு மாதிரி துருத்திக்கொண்டிருக்கும், அது காலில் பட்டால் பந்து எங்கே போகும் என்று அந்தக் கடவுளுக்கே தெரியாது. இரண்டாவது லேஸ். வெறும் அச்சாக லேஸ் மாதிரி வரைந்திருந்தால் விட்டுவிடுங்கள். லேஸ் வெறும் அலங்காரமென்று நினைக்கக்கூடாது, பந்தை எந்தப் பக்கம் பிடித்திருக்கிறோம் என்று பார்க்காமலே விரலுக்குச் சொல்வது அதுதான். மூன்றாவது, பந்தைத் தரையில் படுக்கவைத்து நெடுக்காக உருட்டுங்கள். காற்றுப்பை ஒரு பக்கம் கனத்திருந்தால் அது திரும்பத் திரும்ப ஒரே பக்கத்தில் வந்து நிற்கும். அப்படிப்பட்ட பந்து காற்றில் ஆடும்.

ஒட்டிச் செய்த பந்துக்கும் தைத்த பந்துக்கும் உள்ள வித்தியாசம் கிரவலில் தெரியும். ஒட்டியது ஓரத்தில் உரிந்து நாக்கை நீட்டும். தைத்தது தேயும், ஆனால் தேய்ந்தபடியே உழைக்கும். முழு ரப்பர் பந்து கடலுக்கு மட்டும் சரி. மைதானத்தில் அது ஆளுயரத்துக்கு மேலே துள்ளுகிறது, அதில் பழகிய பொடியன் பிறகு தோல் பந்தைத் தொட்டால் எல்லாவற்றையும் புதிதாகப் படிக்க வேண்டும்.

அளவு 5 ஆண்கள் ஆட்டத்துக்குரியது. 2017இல் தொடங்கிய ஏஎஃப்எல் மகளிர் போட்டியில் 4ஆம் அளவுப் பந்து. ஆண்களுக்கும் நான் 4ஐ ஏன் சொல்கிறேன் என்றால், கைக்குத்துப் பழகுவதற்கு உள்ளங்கையில் பந்து அடங்க வேண்டும். 5ஆம் அளவில் பழகத் தொடங்குகிறவர் பந்தை நெஞ்சோடு அணைத்துக் குத்துவார், அந்தப் பிழை பிறகு போகாது. பாடசாலைப் பிள்ளைகளுக்கு 3, அதற்குக் கீழேயும் அளவுகள் உண்டு. ஒன்றுமே கிடைக்காவிட்டால் கொழும்பிலிருந்து 4ஆம் அளவு றக்பிப் பந்து எடுத்து உதைபழகலாம். கைக்குத்துக்கும் துள்ளலுக்கும் அது உதவாது.

இனிப் பந்து மண்ணில் எப்படி நடந்துகொள்கிறது என்று பார்ப்போம்.

ஓடுகிறவர் 15 மீற்றருக்கு ஒரு தரமாவது பந்தைத் தரையில் துள்ளவைக்க வேண்டும், அல்லது குனிந்து தரையைத் தொடவைக்க வேண்டும். துள்ளவைக்கும்போது பந்தின் முன்முனையைச் சற்றுத் தாழ்த்தி, ஒரு கை நீளம் முன்னால் தள்ளினால் திரும்பி மடிக்கே வரும். முனையை நேர்க்குத்தாக விட்டால் நெற்றிக்கு வரும், தட்டையாக விட்டால் முன்னால் ஓடிவிடும். வெட்டிய புல்லில் இதை ஒரு பின்னேரத்தில் பழகலாம். கிரவலில் பாதித் தரம் கல்லில் பட்டுத் திசை மாறும். அம்பாறைப் பக்கத்தில் அறுவடை முடிந்த வயலில் விளையாடினால் வெடித்த மண்ணும் அரிந்த தாளும் காலைக் குத்தும், துள்ளலை மறந்துவிடுங்கள். கடற்கரை மணலில் பந்து விழுந்த இடத்திலேயே இருக்கும். மூன்று இடத்திலும் தொட்டுவிட்டு ஓடுவதுதான் புத்தி, சட்டமே இடம் கொடுக்கிறது.

உதையில் ட்ரொப் பன்ட் என்கிற ஒன்றைப் பழகினால் முக்கால்வாசி ஆட்டம் கைக்குள் வந்துவிடும். பந்தை நெட்டுக்குத்தாக, லேஸ் முன்னுக்குப் பார்க்க, இரண்டு கையாலும் இடுப்பு உயரத்தில் பிடியுங்கள். உதைக்கிற கால் பக்கத்துக் கைதான் கடைசியாகப் பந்தை விட வேண்டும். கால்விரல் முன்னுக்கு நீட்டி விறைப்பாக இருக்க, பாதத்தின் மேல்முதுகு பந்தின் கீழ்முனையில் படவேண்டும். சரியாகப் பட்டால் பந்து தலைகீழாகப் பின்னோக்கிச் சுழன்றபடி போகும், பிடிக்கிறவருக்கும் நிதானமாக வரும். கால்விரல் மேலே தூக்கியிருந்தால் பந்து வானத்துக்குப் போகும். உடம்புக்குக் குறுக்காகக் காலை வீசினால் பக்கவாட்டில் வெட்டிக்கொண்டு ஓடும். நம்முடைய உதைபந்தாட்டக்காரர்களுக்கு இந்த இரண்டாவது பிழை பிறவிப் பழக்கம், பாதத்தின் உட்பக்கத்தால் உதைத்து உதைத்து வந்தது.

பங்குனியிலிருந்து புரட்டாதி வரை அவுஸ்திரேலியாவில் ஆட்டக்காலம். நமக்கு அதில் பாதி கச்சான் காற்று. கச்சான் அடிக்கும்போது உயரத்திலிருந்து விடுகிற பந்து காலுக்கு வருவதற்குள் காற்று அதைச் சரித்துவிடும். பந்தை முழங்காலுக்குக் கிட்டக் கொண்டுவந்து விடுங்கள், உதையையும் தாழ்த்துங்கள். காற்றுக்கு எதிரே நாற்பது மீற்றர் உதைக்க முயல்வதை விட்டு இரண்டு இருபதாக உடையுங்கள். உதைத்த பந்து 15 மீற்றருக்குக் குறையாமல் போய், தரையில் படாமல் பிடிபட்டால் அது 'மார்க்'. பிடித்தவரை எவரும் தொட முடியாது, நின்று நிதானமாக உதைக்கலாம். காற்று நாளில் இந்தச் சட்டம்தான் காப்பாற்றும்.

கைக்குத்தில் கரப்பந்தாட்டக்காரருக்கு ஒரு பொறி இருக்கிறது. கீழ்க்கை சேர்விஸ் போடும்போது பந்தைச் சற்று மேலே விட்டுத்தான் அடிப்பார்கள். இங்கே அப்படி விட்டு அடித்தால் மத்தியஸ்தர் எதிரணிக்கு உதை கொடுப்பார். ஏந்துகிற கையில் பந்து இருக்கும்போதே மற்றக் கை முஷ்டி அதைக் குத்த வேண்டும். பெருவிரல் முஷ்டிக்கு வெளியே இருக்கட்டும், உள்ளே மடித்தால் பெருவிரல்தான் முறியும்.

முழு ஆட்டத்துக்கு 135 முதல் 185 மீற்றர் நீளமும் 110 முதல் 155 அகலமும் உள்ள நீள்வட்டத் திடல் வேண்டும், பக்கத்துக்கு 18 பேர். நம்முடைய கழக மைதானங்கள் 100 மீற்றர் உதைபந்தாட்டத் திடல்கள். அதற்கு ஒன்பது பேர் ஆட்டம் அளவாக இருக்கும்: பின்னால் மூன்று, நடுவில் மூன்று, முன்னால் மூன்று, மல்லுக்கட்டு இல்லாமல் தொட்டாலே பிடி. கிரவலில் ஆளை இழுத்து விழுத்துகிற ஆட்டம் ஆடக்கூடாது என்பது என் கண்டிப்பான கருத்து. ஏஎஃப்எல்லிலேயே தலையில் அடிபட்டு மூளை அதிர்ந்தவர் குறைந்தது 12 நாள் விளையாட முடியாது என்று 2021இலிருந்து கட்டுப்பாடு. புல்லில் விழுகிறவர்களுக்கே அப்படி என்றால் கல்லில் விழுகிறவருக்கு எத்தனை நாள்?

கம்பத்துக்குச் செலவழிக்கத் தேவையில்லை. சட்டப்படி இரு முனையிலும் நான்கு நான்கு கம்பம், ஒவ்வொன்றுக்கும் இடையில் 6.4 மீற்றர். உதைபந்தாட்டக் கோலின் அகலம் 7.32 மீற்றர், கிட்டத்தட்டச் சரி. வலையைக் கழற்றிவிட்டு, இரண்டு பக்கமும் 6.4 மீற்றர் தள்ளி ஒவ்வொரு கமுகோ மூங்கிலோ நட்டால் முடிந்தது. குறுக்குக் கம்பிக்கு மேலே போனாலும் கீழே போனாலும் கோல்தான் என்று முதலே பேசிக்கொள்ளுங்கள், கம்பியில் பட்டால் என்ன என்பதையும் சேர்த்து. இல்லாவிட்டால் அதற்கே ஒரு பஞ்சாயத்து வரும். நடு இரண்டு கம்பத்துக்குள்ளே உதைத்தால் 6 புள்ளி. அந்த நடுக் கம்பத்தில் பட்டாலோ வேறு யாருடைய கையில் பட்டாலோ ஓரத்து இடைவெளியால் போனாலோ 1 புள்ளி, அதற்குப் பெயர் 'பிஹைன்ட்'.

தவறவிட்டதற்கும் ஒரு புள்ளி கொடுக்கிற விளையாட்டா என்று சிரிக்கிறவர்கள் உண்டு. 2023 இறுதி ஆட்டத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். பிரிஸ்பேன் 13 கோல், 8 பிஹைன்ட், மொத்தம் 86. கொலிங்வூட் 12 கோல், 18 பிஹைன்ட், மொத்தம் 90. ஒரு கோல் குறைய அடித்தவர்கள் கிண்ணம் தூக்கினார்கள். தவறவிட்டாலும் விடாமல் பந்தை அந்தப் பக்கத்திலேயே வைத்திருந்ததற்குக் கூலி அது. எனக்கு இந்தச் சட்டத்தில் ஒரு நீதி தெரிகிறது.

பந்திலோ அந்த நீதி கிடையாது. சென் கில்டா கழகத்தின் கதையை எடுங்கள். 1966 இறுதி ஆட்டத்தில் பரி பிரீன் உதைத்த தள்ளாட்டப் பந்து எப்படியோ ஓரத்தில் நுழைந்து ஒரு பிஹைன்ட் ஆனது. சென் கில்டா 74, கொலிங்வூட் 73. அந்தக் கழகத்துக்கு இன்றுவரை அதுதான் ஒரே கிண்ணம். 2010 இறுதி ஆட்டத்தில் அதே கொலிங்வூட்டோடு கடைசி நிமிடங்கள். லெனி ஹேய்ஸ் உதைத்த பந்து கோல் வாசலில் விழுகிறது, ஸ்டீவன் மில்ன் ஓடிவருகிறார். நேரே துள்ளியிருந்தால் அவர் கைக்கு வந்திருக்கும். பந்து பக்கவாட்டில் திரும்பி அவரை ஏமாற்றிக்கொண்டு ஓரத்தால் போனது. ஒரு புள்ளி. 68க்கு 68, சமநிலை. அடுத்த கிழமை திரும்ப விளையாடி 56 புள்ளியால் தோற்றார்கள். முட்டை வடிவம் ஒரு தரம் கொடுத்ததை நாற்பத்து நான்கு வருடம் கழித்துத் திருப்பி எடுத்துக்கொண்டது. ஷெரின் முனையை எவ்வளவு மொண்ணையாக்கியும் பந்துக்குள் ஒரு குறும்பு மிச்சம் இருக்கிறது, அதை ஒரு குறையாக நான் எழுதமாட்டேன்.

பந்தை மட்டும் வாங்கி ஆட்டத்தைப் பார்க்காமல் விட்டால் உதை வராது. அவுஸ்திரேலியாவுக்கு வெளியே இருப்பவர்களுக்கு 'வாட்ச் ஏஎஃப்எல்' என்ற இணையச் சேவை இருக்கிறது, சந்தா கட்ட வேண்டும். நேரக் கணக்கு நமக்கு வசதி. குளிர்காலத்தில் மெல்பேர்ண் நம்மைவிட நாலரை மணித்தியாலம் முன்னால், சித்திரை முதல் ஞாயிறுக்கு முன்னர் ஐந்தரை. வெள்ளி இரவு ஏழே முக்கால் அளவில் தொடங்குகிற ஆட்டம் நமக்குப் பின்னேரம் மூன்றே கால் அளவில். புரட்டாதி கடைசிச் சனிக்கிழமை மெல்பேர்ண் கிரிக்கெட் மைதானத்தில் இரண்டரைக்குத் தொடங்குகிற இறுதி ஆட்டம் நமக்குக் காலை பத்து மணி. காற்பகுதி 20 நிமிடம் என்று சொல்லுவார்கள், நின்ற நேரத்தைச் சேர்க்கும்போது அரை மணியை நெருங்கும், முழு ஆட்டம் இரண்டரை மணித்தியாலம். போன் டேட்டாவில் பார்க்கிறவர்கள் படத்தின் தரத்தை ஒரு படி இறக்கிவைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அதற்கும் கீழே இறக்கினால் பந்து தெரியாது, ஆட்கள் கூட்டமாக ஓடுவது மட்டும் தெரியும்.

கழகப் பற்று எப்படிப்பட்டது என்று மெல்பேர்ண்காரரிடம் கேட்டுப் புரிந்துகொள்வதைவிட, கொம்புமுறி பார்த்த பழைய ஆட்களிடம் கேட்டால் சுருக்காகப் புரியும். ஊரே வடசேரி, தென்சேரி என்று இரண்டாகப் பிரிந்து கொம்பை இழுக்கும், எந்தச் சேரி என்பது பிறப்போடு வருவது, நடுவில் மாற முடியாது. கொலிங்வூட்டும் அப்படித்தான். அந்தக் கழகத்தின் அங்கத்தவர் தொகை ஒரு லட்சத்தைத் தாண்டியது. வசைப்பாட்டும் இரண்டிடத்திலும் உண்டு. ஆனால் கொம்புமுறி வசை கண்ணகி அம்மன் சடங்கோடு தொடங்கிச் சடங்கோடு முடியும். அங்கே அந்த வேலி இருக்கவில்லை. 1993இல் சென் கில்டாவின் பழங்குடி வீரர் நிக்கி வின்மார் தன் சட்டையைத் தூக்கித் தோலைச் சுட்டிக்காட்டி நின்றது கூட்டத்தின் இனவசைக்குப் பதிலாக. 2015இல் இன்னொரு பழங்குடி வீரரான அடம் குட்ஸைக் கூட்டம் வாரம் வாரம் கூவி விரட்டியது, அந்த வருடமே அவர் ஓய்வு பெற்றார். ஏஎஃப்எல்லும் கழகங்களும் மன்னிப்புக் கேட்க 2019 ஆனது. இந்த விளையாட்டை விரும்புகிறவர் அதையும் தெரிந்துகொண்டே விரும்ப வேண்டும்.

வெளியூர் விளையாட்டு இங்கே வேர்விடுமா என்று கேட்பவர்களுக்கு யேசுசபைக் குருவான வெபர் அடிகளாரின் பெயர் தாங்கிய மட்டக்களப்பு வெபர் மைதானத்தின் பெயர்ப்பலகையே போதும். அமெரிக்க யேசுசபைக் குருமார் கொண்டுவந்த கூடைப்பந்தாட்டம்தான் மட்டக்களப்புப் பாடசாலைகளுக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது. அதற்கும் முதலில் ஒரு பந்தும் இரண்டு வளையமும்தான் இருந்திருக்கும்.

தோல் பந்து யாருக்கு? பத்துப் பேராவது ஒழுங்காக வருகிற கழகம், வெட்டிய புல் மைதானம், பந்துக்குப் பொறுப்பாக ஒருவர், இந்த மூன்றும் இருந்தால் ஒரு ஷெரின் வாங்குங்கள், போட்டி நாளில் மட்டும் வெளியே எடுங்கள். மற்ற நாளுக்குச் செயற்கைப் பந்து இரண்டு. மூன்றில் ஒன்று இல்லாவிட்டாலும் தோல் பந்துக்குக் கொடுக்கிற காசில் செயற்கைப் பந்தும் பம்மும் மானியும் வாங்கிவிடலாம்.

அவுஸ்திரேலியாவிலிருந்து பந்தைக் கொண்டுவருகிறவருக்குச் சிரமம் கொடுக்காதீர்கள். பந்தைச் சப்பையாக மடித்தால் மடிப்புத் தடம் போகாது, காற்றில் பாதியை விட்டு வடிவம் கெடாமல், பெட்டிக்குள் உடுப்புகளுக்கு நடுவே வைக்கச் சொல்லுங்கள். வாட்சப்பில் இப்படி அனுப்பினால் போதும்: "மாமா, வரும்போது செயற்கைத் தோல் ஃபூட்டிப் பந்து ஒன்று, நாலாம் நம்பர், மஞ்சள், தைத்தது, ஒட்டினது வேண்டாம். காற்றடிக்கிற ஊசி மூன்று. ஊசியை மறந்திடாதீங்க மாமா, இங்க கிடைக்கிறது வளையுது."